ஹார்லன் கவுண்டி: இத்தனை நிலக்கரி இருந்தும் ஏன் ஏழை ஊர்?

கேள்வி இரண்டு பகுதியாக வந்தது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உள்ள ஹார்லன் கவுண்டிக்கு (கவுண்டி என்றால் நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) ‘ரத்த ஹார்லன்’ என்ற பெயர் ஏன் வந்தது? நூறு வருடத்துக்கும் மேலாக நிலக்கரி வெட்டி அனுப்பிய இடம் ஏன் இன்னும் வறுமையில் கிடக்கிறது? இரண்டுக்கும் பதில் ஒன்றுதான் என்பது என் முடிவு. மண்ணுக்கு அடியில் இருந்த கரி, மேலே இருந்த வீடு, அரிசி பருப்பு வாங்கும் கடை, சட்டத்தைக் காக்க வேண்டிய ஷெரிஃபின் (கவுண்டியின் காவல் தலைவர்) ஆட்கள் வரை எல்லாமே கம்பெனிகளின் கையில் இருந்தன. மக்களிடம் மிஞ்சியது உழைப்பு மட்டும்தான். அதற்கு அவர்கள் விலை பேசப் போனபோதெல்லாம் துப்பாக்கி வந்தது.

முதலில் இடத்தைப் பார்த்துவிடலாம். கென்டக்கியின் தென்கிழக்கு மூலையில், வர்ஜீனியா எல்லையை ஒட்டி, பைன் மலைக்கும் பிளாக் மலைக்கும் நடுவே இருக்கிறது ஹார்லன். பரப்பளவு ஏறக்குறைய 1,200 சதுர கிலோமீட்டர், நம்மூர் பெரிய தாலுகா ஒன்றின் அளவு. பிளாக் மலைதான் மாநிலத்திலேயே உயரமானது, 1,263 மீட்டர். மூன்று சிற்றாறுகள் ஹார்லன் ஊருக்கு அருகே கூடி கம்பர்லாந்து ஆறாகின்றன. சமவெளி என்று சொல்ல ஆற்றங்கரையில் ஒரு கீற்று நிலம்தான். 1819ல் கவுண்டி உருவானது. அடுத்த தொண்ணூறு வருடங்கள் சோளம் விதைத்து, பன்றி வளர்த்து, மரம் வெட்டி வெள்ள காலத்தில் ஆற்றில் மிதக்கவிட்டுப் பிழைத்தார்கள். 1910 கணக்கெடுப்பில் மொத்த மக்கள்தொகை 10,566.

கரி இருப்பது எல்லோருக்கும் தெரியும். வெளியே கொண்டுபோக வழிதான் இல்லை. அதனால் ரயில் வருவதற்கு முன்பே நிலம் கை மாறிவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஏஜெண்டுகள் பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காக ஏறி இறங்கி, கிழக்குக் கென்டக்கி முழுக்க ஒரு வகைப் பத்திரம் எழுதி வாங்கினார்கள். நிலத்தை விற்க வேண்டாம், அடியில் உள்ளதை மட்டும் கொடுத்தால் போதும் என்றார்கள். விலை ஏக்கருக்கு ஐம்பது சென்ட், ஒரு டாலர், சில இடங்களில் சில டாலர்கள். எழுதத் தெரியாதவர்கள் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தார்கள். விற்றவர்கள் முட்டாள்கள் என்று நினைக்க வேண்டாம். கையில் ரொக்கமே புழங்காத மலைக்குடும்பத்துக்கு, கண்ணில் படாத ஒன்றுக்குப் பணம் வருகிறது என்றால் அது நல்ல வியாபாரமாகத்தான் தெரியும். ஆனால் பத்திரத்தின் சின்ன எழுத்துகளில், கரியை எடுக்க ‘தேவையான அல்லது வசதியான’ எதையும் செய்யலாம் என்ற பொருளில் வாசகங்கள் இருந்தன. மரம் வெட்டலாம், சாலை போடலாம், தண்ணீரைத் திருப்பலாம், கழிவைக் கொட்டலாம், சேதத்துக்குப் பொறுப்பும் கிடையாது. இது என்ன செய்தது என்பது அரை நூற்றாண்டு கழித்துத்தான் முழுசாகத் தெரிந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

1911ல் லூயிவில் அண்ட் நாஷ்வில் ரயில்பாதை ஹார்லனுக்குள் வந்தது. அந்த ஆகஸ்டிலேயே முதல் கரி ரயிலேறியது. 1920ல் மக்கள்தொகை 31,546. 1930ல் 64,557. இருபது வருடத்தில் ஆறு மடங்கு! இத்தனை பேரும் எங்கே குடியிருந்தார்கள் என்று கேட்டால், பெரும்பாலும் கம்பெனி கட்டிய காலனிகளில்தான்.

அவற்றில் மிகப் பெரியது லிஞ்ச். யு.எஸ். ஸ்டீல் நிறுவனத்தின் துணைக் கம்பெனி 1917ல் பிளாக் மலை அடிவாரத்தில் இந்த ஊரைக் கட்டத் தொடங்கியது. உச்சத்தில் ஏறக்குறைய 10,000 பேர் வாழ்ந்தார்கள். ஹங்கேரி, இத்தாலி, போலந்து, பால்கன் நாடுகள் என்று முப்பதுக்கும் மேற்பட்ட தேசத்தவர்கள் வந்தார்கள். அலபாமா சுரங்கங்களிலிருந்து கறுப்பினக் குடும்பங்கள் வந்தன. பக்கத்திலேயே பென்ஹாம், அது இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கட்டிய ஊர். இந்த இரண்டு ஊர்களும் மற்றவற்றைவிட எவ்வளவோ மேல்: கல் கட்டடங்கள், மருத்துவமனை, குளியலறைக் கூடம், பள்ளிக்கூடம். கறுப்பினத்தவர்களுக்குத் தனித் தெரு, தனிப் பள்ளி, ஆனால் சுரங்கத்துக்குள் ஒரே வேலை. 1923 பிப்ரவரி 12 அன்று ஒன்பது மணி நேர ஷிஃப்டில் லிஞ்சில் 12,820 டன் கரி ஏற்றியது அந்தக் கால உலக சாதனை. இரும்பு ஆலைகளுக்குச் சொந்தமான இந்தச் சுரங்கங்களுக்கு விலை ஏறி இறங்குவது அவ்வளவு பெரிய கவலையில்லை. திறந்த சந்தையில் விற்ற மற்ற கம்பெனிகள், விலை விழுந்தவுடன் கூலியில்தான் கைவைத்தன.

அந்தக் கூலி எப்படிக் கணக்கிடப்பட்டது என்று தெரிந்தால்தான் பின்னால் நடந்தது புரியும். 1920களில் கரி ஏற்றுபவருக்கு மணிக்கூலி கிடையாது, டன் கணக்குதான். நாலைந்து அடி உயரமே உள்ள அடுக்கில் முழங்காலிட்டு, நெஞ்சில் அழுத்திச் சுற்றும் துரப்பணத்தால் கரிச்சுவரில் துளை போடுவார். வெடிமருந்து திணித்து வெடிக்கவைப்பார். புகை அடங்கியதும் மண்வெட்டியால் வாரி வண்டியில் நிரப்பி, தன் எண் பொறித்த பித்தளை வில்லையை வண்டியில் மாட்டுவார். வெளியே எடைமேடையில் அந்த எண்ணுக்கு நேராக எடை எழுதப்படும். எடை போடுபவர் கம்பெனி ஆள். கரியோடு கல் கலந்திருந்தால் வெட்டு. கூரை இடிந்து விழாமல் மரத்தூண் நிறுத்துவது, தண்டவாளம் போடுவது, தேங்கிய தண்ணீர் இறைப்பது எதற்கும் காசு இல்லை. உயிரைக் காக்கும் வேலைக்குக் கூலி கிடையாது, கரிக்கு மட்டும்தான் கூலி. இதனால் எத்தனை பேர் தூண் நிறுத்தாமல் அவசரப்பட்டு இறந்திருப்பார்கள் என்று நினைக்கும்போது மனம் கொதிக்கிறது. எடைமேடையில் எங்கள் ஆள் ஒருவரும் நிற்க வேண்டும் என்பது சுரங்கத் தொழிலாளர் யூனியனின் மிகப் பழைய கோரிக்கைகளில் ஒன்று.

சம்பளச் சீட்டைப் பார்த்தால் வரவுக்கு எதிரே பிடித்தங்கள் வரிசையாக இருக்கும்: வீட்டு வாடகை, டாக்டர், வெடிமருந்து, விளக்கு, கருவி தீட்டும் கொல்லன், ஈமச்சடங்கு நிதி. சம்பள நாளுக்கு முன்னால் முன்பணம் வேண்டுமென்றால் ‘ஸ்கிரிப்’ தருவார்கள், கம்பெனியே அடித்த உலோக வில்லை. அது கம்பெனிக் கடையில்தான் செல்லும். அந்தக் கடையில் விலை வெளியூரைவிட அதிகம். வெளியே மாற்றினால் மதிப்பில் ஒரு பகுதி போய்விடும். வேலை போனால் வீடும் போகும். வாடகை ஒப்பந்தமே வேலையோடு கட்டப்பட்டது. யூனியன் ஆள் வாசலில் நின்று பேசினால், அது கம்பெனி நிலத்தில் அத்துமீறல்.

1929க்குப் பிறகு கரி விலை சரிந்தது. 1931 பிப்ரவரியில் ஹார்லன் கரி முதலாளிகள் கூலியைப் பத்து சதவீதம் வெட்டினார்கள். ஏற்கனவே வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் வேலை. குழந்தைகள் பட்டினி. யூனியன் கூட்டத்துக்குப் போனவர்களின் பெயரை எழுதிவைத்து வேலையிலிருந்து நீக்கி, வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். துரத்தப்பட்டவர்கள் எங்கே போவது? கவுண்டியில் கம்பெனிக்குச் சொந்தமில்லாத ஊர்கள் மூன்றே மூன்று: ஹார்லன், கம்பர்லாந்து, எவார்ட்ஸ். பிளாக் மவுண்டன் சுரங்கத்துக்குப் பக்கத்தில் இருந்த எவார்ட்ஸில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் குவிந்தன. அந்த ஊர்க் கடைக்காரர்களும் போலீசும் தொழிலாளர்கள் பக்கம் சாய்ந்தார்கள். மே 5 காலை, கம்பெனியின் டெபுடிகள் (ஷெரிஃபின் உதவிக் காவலர்கள்) கார்களில் எவார்ட்ஸை நோக்கி வந்தபோது சாலையோரத்தில் துப்பாக்கிச் சண்டை வெடித்தது. அரை மணி நேரத்துக்குள் நான்கு பேர் செத்தார்கள். மூன்று பேர் கம்பெனித் தரப்பு, ஒருவர் தொழிலாளி.

யார் முதலில் சுட்டது என்பதில் இன்றுவரை இரண்டு கதைகள் உண்டு. அதற்குப் பிறகு நடந்ததில் சந்தேகம் இல்லை. மாநில அரசு தேசியக் காவல் படையை அனுப்பியது. தங்களைக் காக்க வந்த படை என்று தொழிலாளர்கள் முதலில் வரவேற்றார்கள். படை மறியலைக் கலைத்து, கருங்காலிகளை உள்ளே விட வழி செய்தது. தொழிலாளர்கள் மீது கொலை வழக்குகள் பாய்ந்தன, யூனியனின் உள்ளூர்த் தலைவர்கள் உட்படப் பலருக்கு ஆயுள் தண்டனை. பெரிய யூனியனான ஐக்கிய சுரங்கத் தொழிலாளர் சங்கம் நிவாரணம் தர முடியாமல் பின்வாங்கியது. அந்த வெற்றிடத்தில் கம்யூனிஸ்டுகளின் தேசிய சுரங்கத் தொழிலாளர் யூனியன் வந்து கஞ்சித்தொட்டி திறந்தது. ஆகஸ்டில் எவார்ட்ஸ் கஞ்சித்தொட்டியை டைனமைட் வைத்துத் தகர்த்தார்கள். அந்த மாதக் கடைசியில் இன்னொரு கஞ்சித்தொட்டியில் ஒரு டெபுடி இரண்டு பேரைச் சுட்டுக் கொன்றார். பசித்தவனுக்குக் கஞ்சி ஊற்றும் இடத்தில் ரத்தம் சிந்தியது என்பதை வேறு எப்படிச் சொன்னாலும் மென்மையாக்க முடியாது.

ஷெரிஃப் ஜான் ஹென்றி பிளேர் இதில் ஒளிவுமறைவு வைக்கவில்லை. கரி முதலாளிகளுக்கு உதவத் தன்னால் முடிந்ததையெல்லாம் செய்ததாகப் பின்னால் அவரே சொன்னார். அவருடைய டெபுடிகளில் மிகப் பெரும்பாலானோருக்குச் சம்பளம் கொடுத்தவை கம்பெனிகள். பேட்ஜ் அரசாங்கத்துடையது, கூலி முதலாளியுடையது. சாம் ரீஸ் என்ற யூனியன்காரரைத் தேடி இந்த ஆட்கள் அவர் வீட்டுக்குள் புகுந்தபோது அவர் இல்லை. மனைவி ஃபிளாரன்ஸும் குழந்தைகளும்தான் இருந்தார்கள். வீட்டைக் கிளறிப்போட்டுவிட்டு வெளியே காத்திருந்தார்கள். வீட்டில் எழுதத் தாள் இல்லை. சுவரில் தொங்கிய காலண்டரிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பழைய பாப்டிஸ்ட் தேவாலயப் பாட்டு மெட்டில் ஃபிளாரன்ஸ் ஒரு பாட்டு எழுதினார். ‘நீ எந்தப் பக்கம்?’ என்று கேட்கும் அந்தப் பாட்டில், ஹார்லனில் நடுநிலை என்று ஒன்று இல்லை, ஒன்று யூனியன்காரன், இல்லையேல் பிளேரின் அடியாள் என்று வருகிறது. உலகம் முழுக்கத் தொழிலாளர் கூட்டங்களில் இன்றும் பாடப்படுகிறது. மிகைப்படுத்திய பாட்டு அல்ல. தொழிலாளி, முதலாளி, கடை, கோர்ட், காவல் எல்லாம் ஒரே பள்ளத்தாக்கில் அடைபட்டிருந்த ஊரில் நடுவில் நிற்க உண்மையிலேயே இடம் இல்லை.

நாவலாசிரியர்கள் தியோடர் டிரைசரும் ஜான் டாஸ் பாஸோஸும் 1931 நவம்பரில் ஒரு குழுவோடு வந்து தொழிலாளர்களின் வாக்குமூலங்களைப் பதிவு செய்தார்கள். நாடு முழுக்கப் பத்திரிகைகளில் ஹார்லன் பெயர் அடிபட்டது. ஆனால் ஊருக்குள் நிலைமை மாறவில்லை. என் பார்வையில் உண்மையான திருப்பம் பிரபலங்களால் வரவில்லை, சட்டத்தால் வந்தது. 1935ல் யூனியன் சேரும் உரிமையை வாக்னர் சட்டம் உறுதி செய்தது. அதே வருடம் கென்டக்கி ஆளுநர் அனுப்பிய விசாரணைக் குழு, ஹார்லனில் நடப்பது பயங்கர ஆட்சி, அதற்குப் பணம் தருவது கரி முதலாளிகள், துணைநிற்பது அதிகாரிகள் என்று எழுதியது. 1937 பிப்ரவரியில், யூனியன் அமைப்பாளரும் போதகருமான மார்ஷல் மியூசிக்கின் வீட்டின் மீது இரவில் சரமாரியாகச் சுட்டார்கள். அவர் ஊரில் இல்லை. பதின்ம வயது மகன் பென்னட் இறந்துபோனான்.

அந்த வசந்தத்தில் வாஷிங்டனில் லா ஃபாலெட் தலைமையிலான செனட் குழு ஹார்லனை விசாரித்தது. அந்த விசாரணைப் பதிவுகள்தான் இந்த வரலாற்றில் என்னை மிகவும் உலுக்கியவை. முதலாளிகள் சங்கம் டன்னுக்கு இவ்வளவு என்று உறுப்பினர்களிடம் வசூலித்து யூனியனை ஒடுக்கச் செலவழித்தது வெளியே வந்தது. பிளேருக்குப் பின் வந்த ஷெரிஃப் தியோடர் மிடில்டன் தண்டனை பெற்ற குற்றவாளிகளை டெபுடிகளாக வைத்திருந்ததும் வெளியே வந்தது. வருடம் 5,000 டாலர் சம்பளக்காரரான அவருடைய சொத்து 1934க்கும் 1937க்கும் இடையில் சுமார் 10,000 டாலரிலிருந்து 1 லட்சம் டாலருக்கு மேல் போயிருந்தது. 1938ல், உள்நாட்டுப் போருக்குப் பிறகு கறுப்பினத்தவர்களின் உரிமையைக் காக்கக் கொண்டுவந்த ஒரு பழைய சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து, கம்பெனிகள், அதிகாரிகள், டெபுடிகள் எல்லோர் மீதும் கூட்டுச்சதி வழக்குப் போட்டது மத்திய அரசு. லண்டன் என்ற கென்டக்கி ஊரில் வழக்கு நடந்தது. ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை, யாரும் சிறை போகவில்லை. ஆனால் மறு வழக்குக்குப் பயந்து முதலாளிகள் யூனியனோடு பேச ஒப்புக்கொண்டார்கள். கம்பெனிச் சம்பளத்தில் டெபுடி வைப்பதைக் கென்டக்கி சட்டசபை அதே வருடம் தடை செய்தது. 1939 கோடையில் இன்னொரு வேலைநிறுத்தம், இன்னொரு முறை படை, இன்னும் சில உயிர்கள். ஜூலையில் ஒப்பந்தம் கையெழுத்தானது. சட்டத்துக்கு அடுத்தபடியாக நான் நன்றி சொல்வது, எட்டு வருடம் சோர்ந்துபோகாத அந்தக் குடும்பங்களுக்குத்தான்.

1940ல் மக்கள்தொகை 75,275. அதுதான் உச்சம். போர்க்காலத்தில் கரிக்கு ஏகப்பட்ட கிராக்கி. 1946ல் மத்திய அரசு சுரங்கங்களைத் தற்காலிகமாகத் தன் பொறுப்பில் எடுத்திருந்தபோது, தொழிலாளர்களின் வாழ்நிலையை ஆராய ஒரு குழு போட்டது. அந்தக் குழுவுக்காகப் படம் எடுத்த ரஸ்ஸல் லீ ஹார்லனின் லெஜூனியர் பக்கம் வந்து எடுத்த படங்கள் இன்று அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கரிப்புழுதி படிந்த முகங்களையும், குழாய் இல்லாத சமையலறைகளையும் அவற்றில் பார்க்கலாம். ஹார்லனைப் பற்றி ஒன்றே ஒன்று பார்க்க நேரம் இருந்தால் இந்தப் படங்களைப் பாருங்கள் என்பேன். அதே வருட ஒப்பந்தத்தில் டன்னுக்கு ஐந்து சென்ட் நலநிதிக்கு என்று முடிவானது. 1952க்குள் அது நாற்பது சென்ட் ஆனது. அந்தப் பணத்தில் யூனியன் மலைப்பகுதியில் பத்து மருத்துவமனைகள் கட்டி 1956ல் திறந்தது. அதில் ஒன்று ஹார்லனில். நொறுங்கிய முதுகெலும்போடு வருடக்கணக்கில் கட்டிலில் கிடந்தவர்களுக்கு முதல் தடவையாக முறையான வைத்தியம் கிடைத்தது. 1960களில் நிதி வற்றியதும் மருத்துவமனைகள் கை மாறின, ஆனால் அப்போது மூடவில்லை. ஹார்லனில் இன்றும் நடக்கிறது. கரி வெளியே போனதற்குப் பதிலாக உள்ளே தங்கிய சொத்து என்று கவுண்டியில் எதைக் காட்டலாம் என்றால், நான் இதைத்தான் முதலில் காட்டுவேன்.

ஆனால் அதே யூனியன் 1950ல் செய்த ஒப்பந்தத்தில் இன்னொரு பக்கமும் உண்டு. நல்ல கூலிக்கும் நலநிதிக்கும் ஈடாக, இயந்திரங்கள் வருவதை யூனியன் தலைவர் ஜான் எல். லூயிஸ் தடுக்கவில்லை. ரயில்கள் டீசலுக்கு மாறின, வீடுகள் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் மாறின. ஒரு இயந்திரம் பல பேரின் மண்வெட்டியை வாங்கிக்கொண்டது. 1950ல் 71,751 ஆக இருந்த மக்கள்தொகை 1960ல் 51,107, 1970ல் 37,370. டெட்ராய்ட், சின்சினாட்டி, டேட்டன், சிகாகோ என்று குடும்பம் குடும்பமாகக் கிளம்பினார்கள். முதலில் வேலையிழந்தவர்கள் கறுப்பினத் தொழிலாளர்கள். லிஞ்சிலிருந்தும் பென்ஹாமிலிருந்தும் சிதறிய அந்தக் குடும்பங்கள் சங்கம் வைத்து, வருடாவருடம் ஏதோ ஒரு நகரத்தில் கூடிப் பழைய ஊரைப் பேசுகிறார்கள். பிறந்த மண்ணில் ஒரு சென்ட் நிலம்கூட சொந்தமாக இல்லாதவர்கள் மூன்று தலைமுறையாக அந்த மண்ணை ஊர் என்று சொல்வது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். 1960களின் தொடக்கத்தில் கம்பெனிகள் லிஞ்சிலும் பென்ஹாமிலும் வீடுகளைக் குடியிருந்தவர்களுக்கே விற்றன. யு.எஸ். ஸ்டீல் 1984ல் சுரங்கத்தையும் விற்றுவிட்டுப் போனது.

இதற்கு நடுவில் புரூக்சைடு. 1973 ஜூனில், டியூக் பவர் என்ற மின்சார நிறுவனத்தின் துணைக் கம்பெனியான ஈஸ்ட்ஓவர் நடத்திய புரூக்சைடு சுரங்கத்தில் தொழிலாளர்கள் ஓட்டுப் போட்டு ஐக்கிய சுரங்கத் தொழிலாளர் சங்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். கம்பெனி ஒப்பந்தம் போட மறுத்தது. பாதுகாப்புக் குழு தொழிலாளர்களுடையதாக இருக்க வேண்டும் என்பது முக்கியச் சண்டை. வேலைநிறுத்தம் பதின்மூன்று மாதம் நீடித்தது. மனிதன் நிலவுக்குப் போய்வந்த பிறகும், அந்தக் கம்பெனி வீடுகளில் பெரும்பாலானவற்றில் குளியலறை இல்லை, வீட்டுக்குள் குழாய் இல்லை. தகர டப்பில் தண்ணீர் ஊற்றித்தான் குழந்தைகளைக் குளிப்பாட்டினார்கள். மறியலில் இத்தனை பேர்தான் நிற்கலாம் என்று நீதிபதி உத்தரவு போட்டார், அவரே கரித் தொழிலில் இருந்தவர். உத்தரவு தொழிலாளர்களைக் கட்டுப்படுத்தியது, அவர்கள் வீட்டுப் பெண்களைக் கட்டுப்படுத்தவில்லை. பெண்கள் விடிகாலையில் சாலையில் நின்றார்கள், கையில் விளாறு வைத்துக்கொண்டு கருங்காலிகளின் கார்களை மறித்தார்கள், குழந்தைகளோடு சிறைக்குப் போனார்கள். எழுபதைத் தாண்டிய ஃபிளாரன்ஸ் ரீஸ் மேடையேறி, நாற்பது வருடத்துக்கு முன் காலண்டர் தாளில் எழுதிய பாட்டைப் பாடினார். 1974 ஆகஸ்டில், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த லாரன்ஸ் ஜோன்ஸ் என்ற தொழிலாளியைக் கம்பெனி மேற்பார்வையாளர் ஒருவர் சுட்டார். சில நாளில் அவர் இறந்தார். இளம் மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் டியூக் பவர் கையெழுத்துப் போட்டது. பார்பரா காப்பிள் இதைப் படமாக்கினார், அந்த ஆவணப்படம் ஆஸ்கர் வாங்கியது. பலருக்கு ஹார்லன் என்ற பெயர் தெரிவதே அந்தப் படத்தால்தான்.

இப்போது பழைய பத்திரங்களுக்கு வருகிறேன். ஏழை ஊர் ஏன் என்ற கேள்விக்கு நேரான பதில் இங்கேதான் இருக்கிறது. 1950களில் புல்டோசர் வந்து, மலையை மேலிருந்து சுரண்டிக் கரி எடுக்கும் முறை பரவியபோது, தாத்தா ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்த பத்திரத்தை நீட்டினார்கள். சுரங்கம் தோண்டும் காலத்துப் பத்திரம் புல்டோசருக்கும் செல்லும், சேதத்துக்கு ஈடு தர வேண்டாம் என்று மாநில நீதிமன்றம் 1956ல் சொன்னது. தோட்டமும் கிணறும் மயானமும் மண்ணோடு சரிந்தன. மக்கள் முப்பது வருடம் போராடி, 1988ல் மாநில அரசியல் சாசனத்தையே திருத்தினார்கள். திருத்தத்துக்கு ஆதரவாக ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஓட்டு விழுந்தது. இனி நில உரிமையாளர் சம்மதம் இல்லாமல் பழைய பத்திரத்தைக் காட்டி மேலே கைவைக்க முடியாது.

வரியும் அப்படித்தான். கென்டக்கி கரிக்குத் தனி வரி போட்டது 1972ல், அதாவது ஹார்லனில் முதல் ரயில் கிளம்பி அறுபது வருடம் கழித்து. வெட்டாமல் கிடந்த கரிக்குச் சொத்து வரி 1970களின் கடைசியில் நூறு டாலருக்கு ஒரு சென்டில் பத்தில் ஒரு பங்கு என்று ஆக்கப்பட்டது. மலைகளுக்கு அடியில் கோடிக்கணக்கில் சொத்து வைத்திருந்தவர்கள் வெளியூரில் இருந்தார்கள், பள்ளிக்கூடத்துக்கும் சாலைக்கும் காசு தர வேண்டிய பொறுப்பு அவர்களுக்கு இல்லை. இதையும் 1988ல்தான் மாநில உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. சுரங்கம் இருந்த காலத்தில் வரி இல்லை. வரி வந்த காலத்தில் சுரங்கம் தேய்ந்துகொண்டிருந்தது. மலைவாசிகள் சோம்பேறிகள், குடிகாரர்கள், சண்டைக்காரர்கள் என்றெல்லாம் காரணம் சொல்பவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் காட்ட வேண்டும்.

அப்புறம் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2006 மே 20 அதிகாலை, ஹோம்ஸ் மில் பகுதியில் உள்ள டார்பி சுரங்கத்தில் மீத்தேன் வெடித்து ஐந்து பேர் இறந்தார்கள். அதில் மூன்று பேர் வெடிப்பில் தப்பி, விஷவாயுவில் மூச்சடைத்துச் செத்தவர்கள். அந்த வருடத்துச் சுரங்க விபத்துகளின் விளைவாக, உள்ளே கூடுதல் சுவாசக் கருவிகள் வைக்கச் சட்டம் வந்தது. தடித்த கரி அடுக்குகள் தீர்ந்து மெல்லிய அடுக்குகளுக்குப் போனதால், இயந்திரம் கரியோடு பாறையையும் அரைக்கிறது. சிலிக்கா தூசி நுரையீரலில் இறங்குகிறது. அப்பாவுக்கு அறுபது வயதில் வந்த கருநுரையீரல் நோய் இப்போது மகனுக்கு நாற்பதில் வருகிறது.

2019 ஜூலை 1 அன்று பிளாக்ஜூவல் கம்பெனி திவால் மனு போட்டது. தொழிலாளர்கள் வங்கியில் போட்ட சம்பளக் காசோலைகள் திரும்பி வந்தன. வீட்டுக்கடன், வாடகை, குழந்தைகளின் செலவு எல்லாம் ஒரே நாளில் அந்தரத்தில். ஜூலைக் கடைசியில் கம்பர்லாந்து ஊருக்கு அருகே கரி ஏற்றிய ரயில் நகரத் தொடங்கியபோது சிலர் போய்த் தண்டவாளத்தில் நின்றார்கள். சம்பளம் வராமல் இந்தக் கரி நகராது என்றார்கள். கூடாரம் போட்டு, குடும்பத்தோடு, ஏறக்குறைய இரண்டு மாதம் உட்கார்ந்தார்கள். புதிய சுரங்கக் கம்பெனிகள் கூலிக்கு உத்தரவாதமாகப் பிணைத்தொகை கட்ட வேண்டும் என்று கென்டக்கியில் சட்டம் உண்டு, அதைக் கம்பெனி கட்டவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கூலி கொடுக்காமல் எடுத்த சரக்கை விற்க விடக்கூடாது என்று மத்திய தொழிலாளர் துறை நீதிமன்றத்தில் நின்றது. அக்டோபரில் 50 லட்சம் டாலருக்கு மேல் பாக்கிச் சம்பளம் தர ஒப்பந்தமானது.

அந்த ரயிலை மறித்தவர்கள் யூனியன்காரர்கள் அல்ல. யூனியன் உள்ள நிலக்கரிச் சுரங்கம் கென்டக்கியில் அப்போது ஒன்றுகூட மிச்சமில்லை. ஆனாலும் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. 2020 கணக்கெடுப்பில் கவுண்டியின் மக்கள்தொகை 26,831. லிஞ்சில் ஆயிரம் பேர்கூட இல்லை.

நேரில் போகும் வாய்ப்பு இருந்தால், பென்ஹாமில் பழைய கம்பெனிக் கடைக் கட்டடத்தில் உள்ள நிலக்கரி அருங்காட்சியகத்தைப் பாருங்கள். ஸ்கிரிப் வில்லைகளை அங்கே பார்க்கலாம். மின்கட்டணத்தைக் குறைக்க 2017ல் அதன் கூரையில் சூரியத் தகடு போட்டார்கள். லிஞ்சில் 31ஆம் சுரங்க வாயிலில் சிறிய ரயிலில் உள்ளே அழைத்துப் போகிறார்கள். அங்கிருந்து எவார்ட்ஸுக்கும் போய்வாருங்கள். 1931ல் வீடிழந்தவர்களுக்கு ஒதுங்க இடம் கொடுத்த ஊர் அது.